ஒலிவ் காய் ஆஞ்சு எண்ணெய் எடுக்கிறது எப்பிடி: சிசிலியில நாங்கள் செய்யிற முறை

முதல்ல ஃப்ரந்தோயோவுக்கு ஃபோன் எடுங்கோ, வலையும் ஏணியும் பிறகு. ஃப்ரந்தோயோ எண்டால் ஒலிவ் ஆலை. கன பேர் காயெல்லாம் ஆஞ்சு முடிச்சுப்போட்டுத்தான் ஆலைக்காரரிட்ட இடம் கேக்கினம், ஒக்டோபர் கடைசியில அங்க சனம் குவிஞ்சு நிக்கும், "வாற புதன்கிழமை வாங்கோ" எண்டு சொல்லிப்போடுவினம், புதன்கிழமை வரேக்க உங்கட காய் பாதி பழுது. அதால ஆலையில நாளும் நேரமும் எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில இருந்து பின்னால எண்ணி, எண்டைக்கு மரத்தடிக்குப் போறதெண்டு முடிவெடுங்கோ. உங்கட காயைத் தனியா அரைச்சுத் தர ஆகக் குறைஞ்சது எத்தினை கிலோ வேணும் எண்டதையும் அந்த ஃபோன்லயே கேளுங்கோ. நாங்கள் போற இடத்தில 250 கிலோ. அதுக்குக் குறைஞ்சால் மற்ற ஆக்களின்ட காயோட சேத்து அரைச்சு பங்கு பிரிச்சுத் தருவினம், அப்ப நீங்கள் நல்ல காய் கொண்டுபோனது ஒரு பிரயோசனமும் இல்லை.

நாங்கள் பலெர்மோவில இருக்கிறம். இஞ்ச தமிழ்ச்சனம் கனக்க, செப்டெம்பர் மாதம் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறுற ஆக்களில எங்கட சனமும் நிறைய இருக்கும். நான் ஒரு இத்தாலியன் குடும்பத்தில வயசான அம்மா ஒராளைப் பாக்கிற வேலைக்குப் போனனான், அவவை நொன்னா எண்டுதான் கூப்பிடுறது, எங்கட அம்மம்மா மாதிரி. அவையளுக்கு கஸ்தெல்வெத்ரானோப் பக்கம் பெலிச்சேப் பள்ளத்தாக்கில 40 மரம் இருக்கு, பலெர்மோவில இருந்து ஹைவேயில கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர். வருசா வருசம் குடும்பம் முழுக்க அங்க போகும், முதல் வருசமே எங்களையும் கூட்டிக்கொண்டு போச்சினம், அண்டையில இருந்து ஒரு வருசமும் விடேல்ல.

ஊரில எண்ணெய் எண்டால் எங்களுக்கு என்ன தெரியும்? எள்ளைக் கழுவி வடிவாக் காயவைச்சு செக்குக்குக் கொண்டுபோறது, தேங்காயைக் கொப்பறாவாக்கி ஆட்டுறது. ரெண்டுமே காயக் காய நல்லது, கொஞ்ச நாள் கிடந்தாலும் ஒண்டும் ஆகாது. ஒலிவ் அப்பிடி இல்லை. இதில எண்ணெய் இருக்கிறது சதைக்க, சதையில பாதிக்கு மேல தண்ணி, மரத்தால இறங்கின நிமிசத்தில இருந்து அது பழுதாகத் தொடங்கும். ஒலிவ் எண்ணெய் எண்டது உண்மையில ஒரு பழச்சாறு. தோடம்பழத்தைப் பிழிஞ்சு மூண்டு நாள் வெளியில வைச்சுக் குடிப்பமே? இதை மனசில வைச்சுக்கொண்டால் கீழ சொல்லப்போற எல்லாம் தானாவே விளங்கும்.

இது எனக்கு நட்டப்பட்டுத்தான் விளங்கினது. ரெண்டாம் வருசம் நொன்னா ஆஸ்பத்திரியில, அவையள் எல்லாரும் அங்க, "நீங்களே போய் ஆஞ்சு ஆலையில குடுங்கோ" எண்டு எங்களிட்ட விட்டிட்டினம். நானும் இவரும் இன்னும் ரெண்டு குடும்பமும் போய் வியாழக்கிழமை பாதி, சனிக்கிழமை மிச்சம் எண்டு ஆஞ்சம், உரப்பையில நிரப்பிக் கட்டி ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வைச்சம், ஞாயிறு பின்னேரம் ஆலை. பை ஒண்டை அவிட்டு கையை உள்ளுக்க விட்டால் வெந்நீர்ப் போத்தில் மாதிரிச் சூடு, மணம் வினாகிரி மாதிரி. எண்ணெய் வந்தது, பாக்க வடிவான நிறம்தான், ஆனா மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் புளிச்ச ஊறுகாய்ப் போத்தில் திறந்த மணம். இத்தாலியன் ஆக்கள் இதுக்கு ரிஸ்கால்தோ எண்டு பேர் வைச்சிருக்கினம், சூடேறினது எண்டு அர்த்தம். ஒரு வருசத்து எண்ணெய் போச்சு. நொன்னா ஒரு சொல்லும் சொல்லேல்ல, அடுத்த முறை காய் சாக்குக்குப் போகக்கூடாது எண்டு மட்டும் சொன்னவ.

சரி, எப்ப ஆயிறது? சிசிலியில ஒக்டோபர் தொடக்கம், இடத்தையும் இனத்தையும் பொறுத்து டிசம்பர் வரைக்கும் போகும். எங்கட தோட்டத்தில பெரும்பாலும் நொச்செல்லாரா இனம், உருண்டைக் காய், பெரிசு, பச்சையாச் சாப்பாட்டு ஒலிவா உலகமெல்லாம் கஸ்தெல்வெத்ரானோ எண்ட பேரில போறது இதுதான். இது தன்ர மகரந்தத்தில வடிவாக் காய்க்காது, அதால இடையிடையே பியாங்கோலில்லா மரங்கள் நிக்குது. பச்சைக் காய் மெல்ல மெல்ல ஊதாவாகி பிறகு கறுப்பாகும். எண்ணெய்க்கு எங்கட கணக்கு, ஒரு மரத்தில மூண்டில ஒரு பங்கு காய் நிறம் மாறத் தொடங்கினால் காணும், போய் ஆயலாம். ஒரு காயை விரலுக்க வைச்சு நசிச்சுப் பாருங்கோ, தெளிஞ்ச தண்ணி வந்தால் இன்னும் காலம் இருக்கு, பால் மாதிரிக் கலங்கி கையில எண்ணெய்ப் பிசுபிசுப்பு ஒட்டினால் சரி.

கறுக்கும் மட்டும் விட்டால் எண்ணெய் கூட வரும் எண்டு சொல்லுவினம், அது உண்மைதான், ஆனா அதில பாதி காய்க்குள்ள தண்ணி குறையிறதாலதான் நூற்றுவீதம் கூடித் தெரியிறது. கசப்பும் காரமும் தாற சத்து காய் பழுக்கப் பழுக்கக் குறைஞ்சுகொண்டு போகும், எண்ணெயும் கெதியாக் காறும். எனக்குக் கேட்டால் முந்தி ஆஞ்சு கொஞ்சமா எடுக்கிறதுதான் நல்லது, 10 லீற்றர் குறைஞ்சாலும் பரவாயில்லை.

ஒலிவ் ஈ ஒண்டு இருக்கு, மோஸ்கா எண்டுவினம். தோலுக்குக் கீழ முட்டை போடும், புழு சதையைத் துளைச்சுக்கொண்டு போகும். காயில ஊசி குத்தின மாதிரிப் புள்ளியும் பக்கத்தில கபில நிறமும் கண்டால் அதுதான். ஒண்டு ரெண்டு இருந்தால் பயமில்லை, கனக்க இருந்தால் காத்திருக்காமல் உடன ஆயுங்கோ, புழு வெளியில வந்த ஓட்டையால காத்துப் போய் அமிலம் ஏறிப்போடும். நிலத்தில ஏற்கெனவே விழுந்து கிடக்கிற காயை ஆசைக்கும் பொறுக்கிச் சேக்கவேண்டாம், ஒரு கூடை விழுந்த காய் முழு எண்ணெயையும் கெடுக்கும். மழை பெய்ஞ்ச உடனயும் போகவேண்டாம், ஒரு நாள் காயட்டும்.

வலை விரிக்கிறதில ஒரு நுணுக்கம் இருக்கு. சமதரை எண்டால் ரெண்டு வலையை மரத்தைச் சுத்தி நடுவில ஒண்டு மேல ஒண்டு ஏற விரிச்சால் சரி. சரிவான நிலம் எண்டால் ஓடு வேயிற மாதிரி யோசியுங்கோ: மேட்டுப்பக்க வலையின்ட ஓரம் பள்ளப்பக்க வலைக்கு மேல வரவேணும், மாறி விரிச்சால் காய் இடுக்கால உருண்டு நிலத்துக்குப் போயிரும். பள்ளப்பக்கக் கடைசி ஓரத்தை தடி ஊண்டி ஒரு முழம் உயத்திக் கட்டுங்கோ, அங்கதான் காய் வந்து குவியும். வலைக்கு மேல நடக்கேக்க காலை இழுத்து இழுத்து வையுங்கோ, தூக்கி வைச்சால் காய் மிதிபடும். பிள்ளையளுக்கு இதைத்தான் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லவேண்டி இருக்கு.

ஆயிறதுக்கு நாங்கள் பாவிக்கிறது கைச்சீப்பு, பிளாஸ்ரிக்கில சின்ன வாரி மாதிரி, கொப்பை ஒரு கையால பிடிச்சு தலை வாரிற மாதிரி மேல இருந்து கீழ இழுத்தால் காய் பொலபொலவெண்டு கொட்டும். உயரக் கொப்புக்கு பற்றரியில வேலை செய்யிற நீளத்தடி, நுனியில விரல் மாதிரி ஆடிக்கொண்டு இருக்கும், அதை நொன்னாவின்ட மகன்தான் பிடிப்பார், சரியான பாரம், தோள் விட்டுப்போகும். தடியால அடிச்சு விழுத்துறதை மட்டும் செய்யவேண்டாம். ஒலிவ் காய்க்கிறது முந்தின வருசம் வளந்த குருத்துக்கொப்பில, நீங்கள் இந்த வருசம் அடிச்சு முறிக்கிற சின்னக் கொப்புத்தான் அடுத்த வருசக் காய். ஏற்கெனவே இந்த மரம் ஒரு வருசம் நிறையக் காய்ச்சால் அடுத்த வருசம் ஓய்வெடுக்கிற குணம் உள்ளது, அடியும் போட்டால் கேக்கவே வேண்டாம். ஏணியை எப்பவும் கொப்பில சாத்தாமல் அடிமரத்தோட சேத்து வையுங்கோ, ஒராள் கீழ பிடிக்கவேணும்.

கைச்சீப்பால ஒராள் ஒரு நாளைக்கு 80, 90 கிலோ ஆஞ்சால் நல்ல வேலை. நாங்கள் ஆறு பேர் போனால் ஒரு சனிக்கிழமையில 400, 500 கிலோ வரும், அதுக்கு மேல ஆசைப்படுறேல்ல, அண்டைக்கு ஆஞ்சது அண்டைக்கு இரவே ஆலைக்குப் போகவேணும். சீசனில ஆலையள் சாமம் வரைக்கும் திறந்திருக்கும், இரவு 9 மணிக்கு இடம் எடுத்தால் ஆறுதலா வேலை செய்யலாம். எப்பிடி இழுபட்டாலும் 24 மணித்தியாலத்தைத் தாண்டவேண்டாம்.

வலையில குவிஞ்ச காயை ஓட்டை ஓட்டையா காத்துப் போற பிளாஸ்ரிக் பெட்டியில போடுங்கோ, ஒரு பெட்டி 20 கிலோ அளவில நிக்கட்டும், வாய் முட்டி நிரப்பி மேல மற்றப் பெட்டியை வைச்சு நசிக்கவேண்டாம். கொப்பு, பெரிய இலை எல்லாத்தையும் கையால எடுத்து எறியுங்கோ, மிச்ச இலையை ஆலையில காத்தடிச்சு எடுப்பினம். பெட்டியை வெய்யிலுக்க வைக்காமல் மர நிழலுக்க வையுங்கோ, காரிலயும் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் கொண்டுபோறது.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. பானே குன்சாத்து எண்டு, பாணை வெட்டி தக்காளி, நெத்தலிக் கருவாடு மாதிரி உப்பு மீன், சீஸ், ஒரிகானோ எல்லாம் வைச்சு மேல எண்ணெய் ஊத்திச் சாப்பிடுறது. கஸ்தெல்வெத்ரானோப் பாண் கறுப்புப் பாண், தும்மினியா எண்ட பழைய கோதுமை மாவும் சேத்துச் சுடுறது, மேல முழுக்க எள்ளு தூவி இருக்கும். முதல் நாள் அந்த எள்ளு மணத்துக்கே எனக்குக் கண் கலங்கிப்போச்சு. சிசிலிக்காரர் எள்ளுக்கு ஜுஜ்ஜுலேனா எண்டு சொல்லுவினம், அது அரபுச் சொல்லில இருந்து வந்தது, எங்கட நல்லெண்ணெய்க்கு வெள்ளைக்காரன் ஜிஞ்சலி எண்டு சொன்னானே, அந்தச் சொல்லும் அதே அரபு வேரில இருந்துதான்.

ஆலையில உங்கட காய்க்குப் பக்கத்திலயே நில்லுங்கோ. வெட்கப்பட ஒண்டும் இல்லை, அங்க எல்லாரும் அப்பிடித்தான் நிப்பினம், ஒவ்வொரு குடும்பமும் தங்கட பெட்டியைக் காவல் காத்துக்கொண்டு. முதல்ல நிறுப்பினம், துண்டில எழுதின கிலோவை வாசிச்சுப் பாருங்கோ. பிறகு இலை எடுத்து, தண்ணியில கழுவி, கொட்டையோட சேத்தே அரைப்பினம், கொட்டையைத் தனியா எடுக்கிறேல்ல. அரைச்ச களி ஒரு நீளத் தொட்டியில மெல்ல மெல்லச் சுத்திக்கொண்டு இருக்கும், இதில சின்னச் சின்ன எண்ணெய்த் துளியள் ஒண்டோடொண்டு சேரும். இதுதான் முக்கியமான இடம். வெப்பம் 27 டிகிரிக்குக் கீழ இருந்தால்தான் குளிர் முறையில எடுத்த எண்ணெய் எண்டு சொல்லலாம், தொட்டியில மீற்றர் இருக்கும், பாருங்கோ. சூட்டைக் கூட்டினால் எண்ணெய் கூட வரும், மணம் பறந்துபோயிரும். நேரம் அரை மணித்தியாலம் அளவில காணும். நான் போய் "27க்கு மேல போகவேண்டாம்" எண்டு வாயால சொல்லித்தான் விடுறனான், சொல்லாட்டி அவசரத்தில கூட்டிவிடுவினம்.

பேந்து அந்தக் களி சுழல்ற மெஷினுக்க போய் எண்ணெய் வேற, தண்ணி வேற, சக்கை வேற எண்டு பிரியும். அந்தக் காலத்தில கல்லுச் சில்லை கோவேறு கழுதை சுத்தி இழுக்கும், செக்கு மாடு மாதிரியேதான், அரைச்ச களியை வட்டப் பாய்களில பூசி ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி நசிச்சு எடுக்கிறது. நொன்னா இருந்த காலத்தில எனக்கு அந்தப் பழைய பாய் ஒண்டைக் காட்டினவ, தொட்டுப் பாத்தால் தும்பு, எங்கட தென்னந்தும்பு! தென்னை ஒண்டும் வளராத இடத்தில தும்புப் பாயில எண்ணெய் பிழிஞ்சிருக்கினம். ஆனா பழைய முறைதான் நல்லது எண்டு நினைக்கவேண்டாம், அந்தப் பாயை வடிவாக் கழுவ ஏலாது, நேற்றைய களி ஊறி இண்டைய எண்ணெயில மணக்கும். மூடின மெஷினில வாற எண்ணெய்தான் சுத்தம்.

கடைசிக் குழாயால எண்ணெய் வரேக்க எல்லாரும் ஒருக்கா அமைதியாயிருவினம். இலைப்பச்சை நிறத்தில, கலங்கலா, நூல் மாதிரி விழும், அந்த இடம் முழுக்க வெட்டின புல்லும் பச்சைத் தக்காளிக் கொப்பும் கசக்கின மணம். போன முறை எங்களுக்கு 400 கிலோ காய்க்கு 58 கிலோ எண்ணெய் வந்தது, அதாவது நூறுக்கு 14.5. ஆலையில எண்ணெயைக் கிலோவிலதான் நிறுப்பினம், லீற்றரில எவ்வளவு எண்டு தெரிய 0.916 ஆல பிரியுங்கோ, 58 கிலோ எண்டால் 63 லீற்றர் சொச்சம். முந்தி ஆஞ்ச காய் எண்டால் நூறுக்கு 10, 12 எண்டு வந்தாலும் ஆலைக்காரரில சந்தேகப்படாதேங்கோ. நல்லாப் பழுத்தால் 20 வரைக்கும் போகும்.

ருசி பாக்கிறது இப்பிடி: சின்னக் கிளாசில ஒரு வாய் எண்ணெய், உள்ளங்கையால மூடி மற்றக் கையால அடியைப் பிடிச்சுச் சூடாக்கி, முதல் மணந்து பாத்து, பிறகு வாயில வைச்சு பல்லிடுக்கால காத்தை உறிஞ்சுங்கோ. நாக்கில கசக்கும், தொண்டையில காரமா இழுத்து ஒரு இருமல் வரும். நான் முதல் தரம் எண்ணெய் பழுது எண்டுதான் நினைச்சனான், அவையள் கைதட்டினவை. அந்தத் தொண்டைக் காரம் ஒலியோகாந்தால் எண்ட சத்தால வாறது, இபுப்ரோஃபென் மாத்திரை மாதிரி வேலை செய்யுது எண்டு 2005இல ஆராய்ச்சிக்காரர் எழுதினவை. எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்டு பேர் எடுக்க அமிலம் 0.8 வீதத்துக்கு மேல போகக்கூடாது, மணத்திலயும் ருசியிலயும் ஒரு குறையும் இருக்கக்கூடாது. 0.8க்குக் கீழ இருந்து மணம் கெட்டால் அது எக்ஸ்ட்ரா வெர்ஜின் இல்லை, கன பேருக்கு இது தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிளாஸ்ரிக் கானில வைச்சிட்டு மறந்தால் பட்ட பாடெல்லாம் வீண். வெளிச்சம், சூடு, காத்து, இந்த மூண்டும்தான் எதிரி. கீழ குழாய் வைச்ச ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம்தான் நல்லது, இல்லாட்டி 5 லீற்றர் தகரம். வாய் வரைக்கும் நிரப்புங்கோ. குசினியில அடுப்புக்குப் பக்கத்தில வைக்கிறது பெரிய பிழை, 14க்கும் 18 டிகிரிக்கும் இடையில குளிர்மையான இருட்டு அறை வேணும், எங்களுக்கு அப்பார்ட்மென்ட் எண்டபடியால் வடக்குப் பக்க ஸ்டோர் ரூம். அண்டாடப் பாவனைக்கு அரை லீற்றர் கறுப்புப் போத்திலில எடுத்துவைச்சு முடிய முடிய நிரப்புறம். புது எண்ணெயை பாணில, சூப்பில, அவிச்ச பருப்புக்கு மேல கடைசியில பச்சையா ஊத்திச் சாப்பிடுங்கோ, தாளிக்கப் பழசைப் பாவியுங்கோ. ஒண்டரை வருசத்துக்கு மேல சேமிச்சு வைக்கவேண்டாம், ஒலிவ் எண்ணெய் வைன் இல்லை, வயசு போனால் கூடுறதில்லை.

பச்சைக் காய் ஒரு ரெண்டு கிலோ தனியா எடுத்துவைச்சால் இதையும் செய்யுங்கோ: கல்லால ஒரு தட்டுத் தட்டி வெடிக்க வைச்சு (கொட்டை உடையக்கூடாது), தண்ணியில போட்டு நாளுக்கு ரெண்டு தரம் தண்ணி மாத்தி ஒரு கிழமை விட்டால் கசப்புப் போகும், பிறகு உப்பு, உள்ளி, செத்தல் மிளகாய், ஒரிகானோ, காட்டுப் பெருஞ்சீரக இலை போட்டு எண்ணெய் ஊத்திப் பிரட்டுங்கோ. சோத்தோட எங்கட மாங்காய் ஊறுகாய்க்குப் பதிலா நாங்கள் இதைத்தான் வைக்கிறது.

ஜனவரியில இன்னும் ஒரு வேலை இருக்கு, இதை விட்டிட்டுத்தான் கன பேரின்ட எண்ணெய் பங்குனி, சித்திரையில மணக்கத் தொடங்கிறது. வடிகட்டாத எண்ணெய் எண்டால் டிரம்முக்க அடியில கறுப்பாச் சேறு மாதிரி இறங்கும், மோர்க்கியா எண்டு பேர், அதுக்க காயின்ட தண்ணியும் சதையும் இருக்கு, அது புளிச்சால் மேல இருக்கிற எண்ணெய் முழுக்க அந்த மணம் ஏறும். மேல இருக்கிற தெளிஞ்ச எண்ணெயை வேற பாத்திரத்துக்கு மெதுவா மாத்துங்கோ, அடி கலங்கத் தொடங்கினவுடன நிப்பாட்டுங்கோ. ஆலையிலயே வடிகட்டித் தரச்சொல்லிக் கேட்டால் இந்தக் கரைச்சல் இல்லை, நாங்கள் இப்ப பாதியை வடிகட்டி பாதியை அப்பிடியே எடுக்கிறம். கெட்டுப்போன எண்ணெயை இத்தாலியனில லம்பாந்தே எண்டுவினம், விளக்குக்குப் போறது எண்டு அர்த்தம். அந்த ரெண்டாம் வருசத்து எண்ணெயை நாங்கள் கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலிலயும் பல்கனியிலயும் எரிச்சம், சாமியறைக்கு வைக்க மனம் வரேல்ல, அங்க நல்லெண்ணெய்தான்.

மாத்தி முடிஞ்ச டிரம்மை அப்பிடியே மூடி வைக்காதேங்கோ. கொதிதண்ணியும் அப்பச்சோடாவும் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவி, குழாயைக் கழட்டி உள்ளுக்கயும் கழுவி, வெய்யிலில கவுட்டு ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைச்சு, வாயைத் துணியால கட்டி வையுங்கோ. குழாய் முடக்குக்க ஒட்டியிருக்கிற ஒரு கரண்டி பழைய எண்ணெய் காணும், அடுத்த ஒக்டோபர் எண்ணெயில காறல் மணம் பிடிக்க.